யார் எழுப்பியது?

கிளிநொச்சி
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமையே கிடைத்தது. காலபோக விதைப்பு முடிந்து இங்கே முதல் மழையும் பெய்துவிட்டது. தம்பியின் வயலுக்குள் பன்றி இறங்காமல் இரவில் முறை வைத்துக் காவல் இருக்கிறோம், அதனால்தான் பதில் பிந்திவிட்டது. அக்காவின் முழங்கால் வலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய், மனதுக்கு ஆறுதல். நீ மட்டக்களப்பில் பல்கலைக்கழக முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி கொடுக்க ஒத்துக்கொண்டாய் என்பதைப் படித்தபோது, நாங்கள் ஒரே வாங்கில் இருந்து கட்டுரை எழுதின காலம் கண்ணுக்குள் வந்து நின்றது.

இலக்கணத்தில் தொடங்குவதா, கதை சொல்ல விடுவதா என்று கேட்டிருக்கிறாய். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன், நீயே பார்.

சனிக்கிழமைகளில் எங்கள் வாசிகசாலைக்குப் பதினொரு பேர் வருகிறார்கள். முதல் நாள், மறக்க முடியாத ஓர் இரவைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். முரசுமோட்டைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: "2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் எமது பிரதேசத்தில் பாரிய வெள்ள அனர்த்தம் ஏற்பட்டது. இதனால் பல உடைமைகள் சேதமாக்கப்பட்டன. மக்கள் பெரும் அசௌகரியங்களுக்கு முகங்கொடுத்தனர்."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. நடந்ததும் உண்மை. அந்த டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் மிகைநீர் போகும் வான் கதவுகள் திறந்து, குளத்துக்குக் கீழே இருந்த ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அந்தப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

அருகில் கதிரையைப் போட்டுக்கொண்டு கேட்டேன்: "உன்னை யார் எழுப்பினது?"

"அப்பம்மா."

"என்ன சொல்லி எழுப்பினவ?"

"ஒண்டும் சொல்லேல்லை சேர். காலைப் பிடிச்சு இழுத்தவ. அவவின்ர கை ஈரமா இருந்தது."

அந்த ஈரக் கை போதும், மச்சான். அதை அப்படியே எழுதச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவள் கொண்டுவந்த பக்கத்தில் அப்பம்மா இருட்டில் கோழிக்குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சோற்றுப் பானைக்குள் விட்டு, மூடியைப் பாதி மூடி, பானையை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தார். அனர்த்தம் என்ற சொல் அதில் ஒரு தடவையும் வரவில்லை. வாசித்து முடிந்ததும் வாசிகசாலையில் ஒருவரும் கதைக்கவில்லை.

இதிலே நான் செய்தது ஒரேயொரு இலக்கணப் பாடம்தான்: எழுவாயைத் தேடு. "ஏற்பட்டது", "இடம்பெற்றது", "மேற்கொள்ளப்பட்டது" என்று எழுதும்போது செய்த ஆள் காணாமல் போய்விடுகிறார். செயப்பாட்டுவினை பிழை என்று நான் சொல்லமாட்டேன். "வான் கதவுகள் திறக்கப்பட்டன" என்பது சரிதான், கதவைத் திருப்பிய கை யாருடையது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் காலைப் பிடித்து இழுத்த கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த ஆளை வசனத்தில் இருந்து வெளியே விடக்கூடாது.

அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. "இழுத்தாள்" என்றால் அப்பம்மாவுக்கு மரியாதைக் குறைவு, "இழுத்தா" என்றால் பேச்சு, "இழுத்தார்" என்றால் அது தன் அப்பம்மாவே இல்லை என்று சொல்லி அவள் கண் கலங்கினாள். எனக்கு அந்தக் கவலை பிடித்திருந்தது. வினையின் கடைசி எழுத்தில் ஆளும் மரியாதையும் உறவும் இருக்கிறது என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள் அல்லவா? கதை சொல்லும் குரலில் "இழுத்தார்" என்று வை, ஆட்கள் வாய் திறந்து கதைக்கும் இடத்தில் "இழுத்தவ" என்று விடு, ஒரே பந்தியில் இரண்டையும் கலக்காதே என்றேன். நீ வேறு விதமாகத் தீர்ப்பாயானால் எனக்கு எழுது.

நீ அதிக நேரம் செலவழிக்க வேண்டியது வினையெச்சத்தில். எங்கள் பிள்ளைகள் "போய்", "வந்து", "எடுத்து" என்று கோர்த்துக்கொண்டே போய் அரைப் பக்கத்தை ஒரு வசனமாக்குவார்கள். நடுவில் ஆள் மாறியது அவர்களுக்கே தெரியாது. ஒரு பெடியன் எழுதினான்: "அப்பா குளக்கட்டுக்குப் போய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது." குளக்கட்டுக்குப் போனது தண்ணீரா என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். "போய்" என்று தொடங்கினால் போனவரே அடுத்த வேலையையும் செய்து முடிக்க வேண்டும். ஆள் மாறினால் "போக", "போனதும்", "போன நேரம்" என்று மாற்ற வேண்டும். "அப்பா குளக்கட்டுக்குப் போன நேரம் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது" என்று அவனே திருத்தினான். திருத்தியதும் இன்னொன்றும் நடந்தது. அப்பா இல்லாத வீடு என்ற பயம் அந்த வசனத்துக்குள் வந்துவிட்டது.

"மழை பெய்து நெல் விளைந்தது என்று சொல்கிறோமே, அங்கே ஆள் மாறுகிறதுதானே?" என்று இன்னொருவன் மடக்கினான். நல்ல கேள்வி. அங்கே "பெய்து" என்பது "பெய்ய" என்ற பொருளில் நிற்கிறது என்று இலக்கணகாரர் விளக்குவார்கள். மழைதான் விளைச்சலுக்குக் காரணம், அதனால் காது அதை ஏற்றுக்கொள்கிறது. அப்பா போனதால் தண்ணீர் வரவில்லையே.

கொப்பியில் முற்றுவினைகளுக்குக் கீழே கோடு போடச் சொல், செய்தவரைச் சுற்றி வட்டம் போடச் சொல். கோடு இல்லாத நீண்ட இடமும், வட்டம் இல்லாத வசனமும் அவர்கள் கண்ணுக்கே தெரியும். சிவப்புப் பேனையை நான் தொடுவதே குறைவு. சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் என்ற ஒற்று மிகும் பாடத்தை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளிவை. "நெல்லைக் கொட்டினான்", "ஊருக்குப் போனான்", "அந்தக் குளம்" என்ற மூன்று இடமும் கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. எங்கள் பிள்ளைகள், அவனுக்கும் இவனுக்கும் இடையில் இருப்பதைச் சுட்டும் "உவன்", "உது", "உங்கை" என்பதைக் கொச்சை என்று நினைத்து, கதைமாந்தர் வாயிலும் வெட்டிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று நன்னூல் சொல்கிறது. மற்ற இடங்களில் பேச்சில் இருந்து விழுந்துபோன உகரச் சுட்டு எங்கள் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைச் சொன்ன நாளில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய். 2009இல் இந்தப் பிள்ளைகளுக்கு நாலைந்து வயது. "நாங்கள் இடம்பெயர்ந்தோம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார்கள். யார் எழுப்பினது என்ற கேள்வியை அங்கே நான் கேட்பதில்லை. ஒரு பெடியன் மூன்று மாதம் கழித்துத் தானாக ஒரு வசனம் சேர்த்துக்கொண்டு வந்தான்: "அம்மா என் வாயைத் தன் சேலைத் தலைப்பால் பொத்தியிருந்தார்." எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் சரியாக இருந்தன. நான் கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொன்னேன்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய், மாற்றாதே. வரும்போது உன் பிள்ளைகளின் கொப்பியில் இரண்டு மூன்று கொண்டுவா, விறாந்தையில் இருந்து வாசிப்போம். முதல் வகுப்பு எப்படிப் போனது என்று அதற்கு முன் எழுது. இப்போது என் காவல் முறை, தம்பி டோர்ச் லைட்டோடு படலையில் நிற்கிறான்.

என்றும் உன்
வாங்குத் தோழன்