இரவில் வெளிச்சம் காட்டினால்தான் பூக்கும்

அன்பு மகளுக்கு,

சித்தி கனடாவிலிருந்து அனுப்பிய ‘பிளாக் ஐட் சூசன்’ பூவிதைப் பைக்கெற்றை முதலில் பிரித்துப் பார். அந்தப் பெயரில் இரண்டு செடி உண்டு. மிளகளவில், ஒரு பக்கம் குழிந்த விதை என்றால் அது துன்பெர்ஜியாக் கொடி. ஓர் இரவு ஊறவிட்டு அரை அங்குல ஆழத்தில் ஊன்றி வேலியில் ஏற்றிவிடு, தானே பூக்கும். கண்டபடி பரவவிடாதே. கறுத்து, சன்னமாக, ஊதினால் பறக்கிற விதை என்றால் அது ருட்பெக்கியா. மஞ்சள் இதழுக்கு நடுவே கபிலநிறக் குமிழ் வைத்துப் பூக்கிற செடி. கஷ்டம் அதில்தான்.

அது வட அமெரிக்கச் செடி. பகல் நீண்டால்தான் தண்டு எழும்பும். மாங்குளத்தில் ஆனி மாதத்தில்கூடப் பகல் 13 மணித்தியாலத்தை எட்டாது. அதனால் என்ன எரு போட்டாலும் நிலத்தோடு இலையாகவே கிடக்கும். பூக்கவில்லையே என்று யூரியா போட்டால் இலைதான் இன்னும் கூடும்.

கார்த்திகை பிறந்ததும் விதை. பங்குனி, சித்திரையில் மண் கொதிக்கும், முளைப்பது அருமை. மாரிமழை நேரே விழாமல் வெளிச்சமான தாழ்வாரத்தில் தட்டை வை. அரித்த மணல், கூட்டெரு, தும்புச்சோறு மூன்றும் சம அளவு. கலவையை நனைத்துவிட்டு, விதையை ஒரு கரண்டி காய்ந்த மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் அமத்து. மேலே மண் போடாதே, வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். பூவாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். தட்டைத் தண்ணீரில் வைத்து அடியால் உறிஞ்சவிடு. எறும்பு இழுத்துப்போகும், மேசைக்கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நிறுத்து.

ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும், சிலது மூன்றாகும். நாற்று மண்மட்டத்தில் நூலாகி விழுந்தால் அது அழுகல். நெருக்கமும் ஓயாத ஈரமும்தான் காரணம். ஐதாக்கி, மேல்மண் வெளுத்த பிறகே தண்ணீர் வை.

நாலு இலை வந்ததும் பைக்கு மாற்று. தைப்பொங்கலோடு, மழை விட்டதும், 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடு. குருத்து மண்ணுக்குள் போகக்கூடாது. தண்ணீர் தேங்கும் இடமென்றால் பாத்தியை ஒரு சாண் உயர்த்து.

எட்டுப் பத்து இலை வந்ததும் செடிக்கு ஒரு மீற்றர் மேலே மஞ்சள் ஒளி பல்ப் ஒன்றைக் கட்டி, பொழுதுபட்டதிலிருந்து இரவு பத்தரை வரை எரியவிடு. மொட்டுத் தெரியும்வரை, ஆறு வாரமளவில், தொடர வேண்டும். அதனால் வீட்டோரப் பாத்தியே வசதி. பூச்சி மொய்க்கும், படுக்கை யன்னலுக்கு நேரே கட்டாதே.

தண்ணீர் காலையில், அடியில் மட்டும். இலை மயிர் உள்ளது, மாலையில் நனைத்தால் புள்ளிநோய் பிடிக்கும். வாடின பூவை வெட்ட வெட்டப் புதுமொட்டு வரும். விதைக்கு நாலைந்து பூவை விட்டு, குமிழ் கறுத்துக் காய்ந்ததும் உதிர்த்தெடு. பைக்கெற்றில் எஃப் 1, அதாவது கலப்பின விதை, என்று போட்டிருந்தால் விதை எடுத்து மினக்கெடாதே, தாய்ச்செடி மாதிரி வராது.

அன்புடன்,
அம்மா