வீட்டுத் தோட்டக்காரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, ஆச்சிமார்களே, ஐயாமார்களே, புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற சித்திரையில் தொடங்கி இந்தப் பங்குனியோடு முடியும் ஆண்டின் அறிக்கையை வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலையும் தானே படிப்பதாகச் சொல்லிவிட்டார்; அந்தப் பொல்லாப்பு எனக்கு இல்லை. மாதக் கூட்டங்கள் நடந்தன. வைகாசிக் கூட்டம் மட்டும் கோயில் திருவிழாவால் தள்ளிப்போனது. காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் உறுப்பினர்கள் முறையாக வந்தார்கள். தேவகோட்டைக்காரர்கள் பஸ் நேரத்தைக் காரணம் சொல்கிறார்கள். சரி, அடுத்த ஆண்டு ஒரு கூட்டத்தை அங்கேயே வைத்துப் பார்ப்போம்.

இந்த ஆண்டு நம் பேச்சும் வேலையும் கோடைத் தோட்டத்தைச் சுற்றியே இருந்தன. மாசிப் பட்டத்தில் போட்ட கத்தரி, வெண்டை, கொத்தவரை, பாகல், புடலை எல்லாம் சித்திரையில் காய்ப்புக்கு வந்தன. நம் மண் செம்மண் சரளை. ஊற்றுகிற தண்ணீரை அப்போதே குடித்துவிட்டு மறுநாள் ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். கண்மாய்க் கரம்பை என்கிற வண்டல் மண்ணும் ஆட்டு எருவும் கலந்த பாத்திகளும், வைக்கோலோ தென்னை மட்டையோ மூடாக்காகப் போட்ட பாத்திகளும் அக்னி நட்சத்திரத்தைத் தாங்கின. மற்றவை நண்பகலில் துவண்டு, மாலையில் நிமிர்ந்து, பூவை உதிர்த்துவிட்டன. செடிக்குப் பக்கத்தில் மண்பானையைப் புதைத்து, அடியில் துளையிட்டுத் திரி வைத்துத் தண்ணீர் விட்ட பள்ளத்தூர் உறுப்பினர்களின் புடலைப் பந்தலை எல்லோரும் போய்ப் பார்த்தோம். பானை மலிவு, வேலையும் குறைவு. இதைச் சங்கம் தாராளமாகப் பரிந்துரைக்கிறது.

இனிப் பூச்சி. கூட்டங்களில் பாதி நேரத்தைத் தின்றது இதுதான்.

கத்தரியில் தண்டு, காய்த்துளைப்பான். முட்டை இலையில் இருக்கும். பொரித்த புழு சில மணி நேரத்திலேயே குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ போய்விடும். அதற்கப்புறம் மேலே என்ன தெளித்தாலும் அதன்மேல் படாது. ஆகவே மருந்தைவிடக் கத்தரிக்கோல்தான் இங்கே உதவும். நுனிக் குருத்து தலை சாய்ந்து வாடியிருந்தால் அதற்குக் கீழே இரண்டு விரற்கடை விட்டு வெட்டி, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். துளை விழுந்த காயையும் அப்படியே. வெட்டியதைப் பாத்தி ஓரத்தில் வீசிவிட்டுப் போனால் புழு அங்கேயே கூட்டுப்புழுவாகித் திரும்ப வரும். வாரம் ஒருமுறை இதைச் செய்தவர்கள் வீட்டில் நல்ல காய் கிடைத்தது. பழைய கத்தரியை வெட்டிவிட்டு மறுபடி துளிர்க்கட்டும் என்று மறுதாம்பு விட்டவர்கள் புழுவுக்குத்தான் சோறு போட்டார்கள்.

வெண்டையில் மஞ்சள் தேமல். இலை நரம்பு மஞ்சளாகி, காயும் வெளிறி முற்றிப்போகும். இது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது. பிடுங்கத்தான் வேண்டும். நான்கு காய் கிடைக்குமே என்று விட்டுவைத்தால் அந்த ஒரு செடி வரிசை முழுக்க நோயைக் கொடுத்துவிடும். ஆச்சிமார்களுக்குக் காய்க்கிற செடியைப் பிடுங்க மனம் வருவதில்லை, அது புரிகிறது. ஓரளவு தாங்கக்கூடிய அர்கா அனாமிகா போன்ற ரகத்தைப் போடலாம். வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ள, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குக் கட்டலாம்.

மிளகாய் இலைச் சுருட்டை என்று ஒரே பெயரில் இரண்டு தொல்லை இருக்கிறது. இலை மேல்நோக்கிப் படகுபோல் மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி. முதலாவதற்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். இரண்டாவதற்கு நனையும் கந்தகம் தேவைப்படும், அதையும் உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

பாகலையும் புடலையையும் கெடுப்பது பழ ஈ. பிஞ்சில் முட்டையிடும், காய் கோணி, அழுகி உதிரும். உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்கித் தண்ணீரில் மூழ்கடிக்க வேண்டும், இல்லையென்றால் புழு மண்ணுக்குள் இறங்கி ஈயாக ஏறி வரும். பிஞ்சுகளுக்குப் பழைய வேட்டித் துணியில் பை தைத்துப் போட்டது நன்றாகவே பலித்தது. பாட்டிலில் துளையிட்டு, ஈரம் செய்த கருவாட்டுத் தூளை உள்ளே வைத்துக் கட்டுகிற பொறியும் வேலை செய்தது. ஆனால் சைவ வீடுகளுக்கு அடுத்த மனையில் அதைக் கட்டியதால் எழுந்த பிராதைத் தீர்க்கத் தலைவரே நேரில் போக வேண்டியதாயிற்று. இனி அந்தப் பொறி கட்டுமுன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும்.

பொறிவண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பான ஓட்டோடு அசுவினியைத் தின்பது நம் ஆள். மேலே மெல்லிய மயிர் படர்ந்து மங்கலாக இருப்பது கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் எபிலாக்னா வண்டு. இரண்டும் புள்ளி வைத்தவை என்பதால் புதியவர்கள் நல்லதைக் கொன்று கெட்டதைக் காப்பாற்றிக் கொண்டிருந்தார்கள். 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையடித்த மாவுப்பூச்சி பலருக்கு நினைவிருக்கும். எந்த மருந்துக்கும் அடங்காத அது, 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவிக்குத்தான் அடங்கியது. கண்டதைத் தெளிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தெளித்தே ஆக வேண்டுமென்றால், டப்பாவில் போட்டிருக்கிற காத்திருப்பு நாள் முடியாமல் காய் பறிக்காதீர்கள். காலையில் மருந்து, மாலையில் கூட்டு என்று ஒரு வீட்டில் நடந்ததைக் கேள்விப்பட்டேன். பெயர் வேண்டாம்.

வேப்பங்கொட்டைக் கரைசல் கூட்டு வேலையாகவே செய்யப்பட்டது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு. இடித்துத் துணியில் கட்டி இரவு ஊறவைத்து, காலையில் பிழிந்து வடித்து, கொஞ்சம் காதி சோப் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். வெயிலில் அதன் சத்து சீக்கிரம் போய்விடும். கொட்டை பழசாகி ஓராண்டு தாண்டினால் வீரியம் இருக்காது. ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்தால்தான் அடுத்த கோடைக்கு உண்டு. கடையில் வாங்கியதில் பாதி பூஞ்சை பிடித்ததாக இருந்தது.

மயிலுக்கு மட்டும் வழி தெரியவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. பழைய சேலை கட்டினோம், இரண்டு நாளில் பழகிவிட்டது. பாத்திக்கு மேலே வலை போட்டவர்கள் மட்டும் தக்காளியைப் பார்த்தார்கள்.

இந்த ஆண்டு நமக்கு உண்மையில் பேர் வாங்கிக் கொடுத்தது வத்தல். வைகாசியில் எல்லோர் வீட்டிலும் ஒரே நேரத்தில் காய். சந்தையில் விலை இல்லை, பக்கத்து வீட்டில் கொடுத்தால் அவர்களும் ஒரு பை நீட்டுகிறார்கள். அப்போதுதான் கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைக் கேட்டு வாங்கினோம். சாவி ஒருவரிடம், சம்மதம் பங்காளிகள் அத்தனை பேரிடமும்! சென்னை, சிங்கப்பூர் என்று போன் போட்டு முடிக்கவே பாதி வைகாசி போனது. ஆனால் அந்த முற்றத்தைப் பார்த்தவர்கள் இனி மொட்டை மாடியில் வத்தல் போட மாட்டார்கள். மேலே கம்பி வலை, ஆகவே காக்கை இல்லை. சுற்றிலும் வளவு, அதாவது கூரை போட்ட தாழ்வாரம், ஆகவே கோடை மழை தூறினாலும் பாயோடு இழுத்து உள்ளே போட்டுவிடலாம். தெருப் புழுதியும் கிடையாது. நம் முன்னோர் சும்மா கட்டவில்லை.

கொத்தவரையை உப்பு, மஞ்சள் போட்ட கொதிநீரில் நிறம் மாறும்வரை மட்டும் விட்டு எடுத்தோம். குழைந்தால் காயும்போது நாராகிவிடும். பாகலை வில்லையாக்கி உப்பில் பிசறிப் பிழிந்து, புளித்த மோரில் ஊறவைத்துக் காயவைத்தோம். மோர் மிளகாய் பகலில் வெயிலுக்கும் இரவில் அதே மோருக்குமாக, மோர் வற்றும்வரை போய் வந்தது. கத்தரியைத் தடியாக நறுக்கியவர்களுக்கு மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடித்தது. சித்திரை, வைகாசி வெயில் மேல்தோலை உடனே இறுக்கிவிடுவதுதான் காரணம், மெல்லிசாக நறுக்க வேண்டும். ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு வெயில். சூட்டோடு ஜாடியில் அடைத்தால் உள்ளே வேர்க்கும், ஆறவிட்டு அடைக்கவும்.

பாகல், வெண்டையெல்லாம் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பத்துக் கிலோ கொண்டுவந்து ஒரு கிலோ சொச்சம் வாங்கிப் போனவர்கள் எங்களைச் சந்தேகமாகப் பார்த்ததை இங்கே பதிவு செய்கிறேன். யாரும் எடுக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய் விலை ஏறியபோது அந்த ஒரு கிலோதான் குழம்பில் விழுந்தது. மழை விட்ட நாட்களில் ஜாடியை வெளியே எடுத்து வெயில் காட்டாதவர்களுக்கு வண்டு விழுந்தது. அடுத்த முறை சங்கமே ஞாபகப்படுத்தும்.

வரும் ஆண்டில் செய்ய வேண்டியவை. கத்தரியையும் வெண்டையையும் எல்லோரும் ஒரே வாரத்தில் போடாமல், ஊருக்கு ஊர் பதினைந்து நாள் தள்ளிப் போட நிர்வாகக் குழு கேட்டுக்கொள்கிறது. காய் ஒரே நேரத்தில் குவியாது, முற்றத்திலும் இடம் கிடைக்கும். கத்தரி இருந்த பாத்தியில் மறுபடி கத்தரியோ தக்காளியோ மிளகாயோ வேண்டாம், கொத்தவரையோ தட்டைப்பயறோ போடுங்கள். செட்டிநாட்டில் உலர்நில ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நோய் வந்த இலையை வாட்ஸ்அப்பில் மங்கலாகப் படமெடுத்து என்னிடம் அனுப்புவதைவிட அங்கே கையில் கொண்டுபோய்க் காட்டலாம். வேப்பங்கொட்டை பொறுக்க ஆனி மாதக் கடைசி ஞாயிறு காலை எல்லோரும் வர வேண்டும். சாக்கு சங்கம் தரும், காபி பொருளாளர் தருவார்.

முற்றம் தந்த வீட்டுக்காரர்களுக்குச் சங்கத்தின் நன்றி. அவர்கள் பங்கு வத்தல் பார்சலில் போய்விட்டது. அங்கிருந்து பீங்கான் ஜாடி எடுத்துப்போனவர்கள் மூடியோடு சேர்த்துச் சித்திரைக்குள் திருப்பிக் கொடுக்கவும். மூன்று ஜாடிக்கு மூடி மட்டும் வந்திருக்கிறது.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்