சைடு ஸ்டெப் பிராக்கெட்டில் விரிசல்: பணத்தைத் திருப்பித் தரவும், வாங்கிய மற்றவர்களை எச்சரிக்கவும் கோரி

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: டபுள் கேப் பிக்கப்புக்கான சைடு ஸ்டெப் செட்டில் தவறான பிராக்கெட், தரக்குறியீடு இல்லாத போல்ட், வெல்டிங் விரிசல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

பிக்கப்பில் கால் வைத்து ஏறுவதற்காக உங்களிடம் வாங்கிய சைடு ஸ்டெப்பை வண்டியின் அடியில் தாங்கிப் பிடிக்கும் முன்பக்க பிராக்கெட் ஒன்று, ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெல்டிங்கில் விட்டு, ஸ்டெப் ஒரு பக்கமாகக் கீழே சரிந்துவிட்டது. பெரிய அடி எதுவும் படவில்லை. படங்களோடு உங்கள் சேவைப் பிரிவுக்கு அன்றே எழுதினேன். "பட்டறையில் பொருத்தாமல் வீட்டிலேயே பொருத்தியிருப்பதால் வாரண்டி பொருந்தாது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதை ஏற்க முடியாது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வீட்டிலேயே பொருத்தலாம் என்று சொன்னதே நீங்கள்தான். விற்பனைப் பக்கத்தில் உங்கள் வாசகங்கள் இப்போதும் அப்படியே இருக்கின்றன: துளை போட வேண்டாம், மெக்கானிக் வேண்டாம், சாதாரண ஸ்பேனர் போதும், ஒரு மணி நேரத்தில் யார் வேண்டுமானாலும் மாட்டலாம். இதைப் படித்துத்தான் வாங்கினேன். வீட்டில் மாட்டுவதற்கென்று ஒரு பொருளை விற்றால், பிராக்கெட்டில் ஒட்டிய அடையாளம், பெட்டிக்குள் வைத்த குறிப்புத் தாள், பையில் போட்டுக் கொடுத்த போல்ட் எல்லாமே அந்தப் பொருளில் சேர்ந்தவைதான். விற்கும்போது "யார் வேண்டுமானாலும்" என்று சொல்லிவிட்டு, உடைந்த பிறகு "நீங்கள் ஏன் செய்தீர்கள்" என்று கேட்பது நியாயமே இல்லை.

விலை குறைவான பொருள் என்று தெரிந்துதான் வாங்கினேன். வண்டிக் கம்பெனி தரும் ஸ்டெப்பின் மெருகு இதில் இருக்காது என்பதும் தெரியும். குழாயில் இருந்த கீறல்கள், முனையில் ஆடிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் மூடி, சரியாக உட்காராத ரப்பர் பட்டை, இதற்கெல்லாம் நான் புகார் எழுதவில்லை. ஆனால் ஸ்டெப்பில் ஒரு மனிதர் காலை வைத்து முழு எடையையும் ஏற்றுகிறார். அந்த எடையைத் தாங்கும் தகடு, வெல்டிங், போல்ட் மூன்றிலும் கை வைத்து மிச்சம் பிடித்தால் அதை மலிவு விலை என்று சொல்ல முடியாது.

பெட்டியைப் பிரித்ததிலிருந்து சொல்கிறேன். பக்கத்துக்கு மூன்றாக ஆறு பிராக்கெட்டுகள். வண்டியின் அடிப்பக்கம் இடது வலது கண்ணாடிப் பிம்பம்போல இருப்பதால், பிராக்கெட்டுகளும் அப்படியே எதிரெதிராக இருக்க வேண்டும். "வலது முன்" என்று ஸ்டிக்கர் ஒட்டி வந்தது உண்மையில் இன்னொரு "இடது முன்". இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் துளைக்குத் துளை பொருந்துகிறது. படம் இணைத்திருக்கிறேன். பிராக்கெட்டிலேயே எழுத்தைப் பொறித்திருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. ஸ்டிக்கரை யார் எதில் ஒட்டினார் என்று பார்க்க உங்கள் பக்கம் ஒருவரும் இல்லை போலிருக்கிறது.

சேவை எண்ணில் பேசியபோது, பிராக்கெட்டைத் தலைகீழாகத் திருப்பி மாட்டச் சொன்னார்கள். இந்த ஒரு விஷயத்தை நிர்வாகம் கட்டாயம் கவனிக்க வேண்டும். போல்ட் போடாமல் கையில் பிடித்தபடியே திருப்பி வைத்துப் பார்த்தேன். போல்ட் வரவேண்டிய இடத்துக்கும் சேஸியை ஒட்டி ஓடும் பிரேக் பைப்புக்கும் நடுவே ஒரு விரல் நுழையக்கூட இடமில்லை. வண்டி ஓடும்போது ஏற்படும் அதிர்வில் போல்ட்டின் முனை அந்தப் பைப்பில் உரசிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நான் மறுத்தேன். நான் மறுத்தது சரி, ஆனால் இதே பதிலை நம்பி எத்தனை பேர் தலைகீழாக மாட்டியிருக்கிறார்களோ? எழுத்தில் வற்புறுத்திய பிறகுதான் மாற்று பிராக்கெட் வந்தது.

பிறகு போல்ட். நீங்கள் கொடுத்த எம்8 (8 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுகள் எதன் தலையிலும் தரக்குறியீடு கிடையாது. பாரம் தாங்கும் இடத்தில் போடும் எஃகு போல்ட்டின் தலையில் 8.8 போன்ற எண் இருக்கும். முதல் 8, அது அறுவதற்கு முன் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அதில் 80 விழுக்காடு வரை போனாலும் நிரந்தரமாக நீண்டுவிடாது என்பதற்கு. எண்ணே இல்லாத போல்ட் எதைத் தாங்கும் என்பது யாருக்கும் தெரியாது. 8.8 தர எம்8 போல்ட்டை ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாம். நான் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை 20-இல் வைத்து இறுக்கும்போதே உங்கள் போல்ட் ஒன்று கழுத்தில் முறுகி ஒடிந்தது. முன்னதாக வண்டியின் துளைகளைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, மரை சீராக இருக்கிறதா என்று கையாலேயே ஒரு போல்ட்டை ஏற்றி இறக்கிப் பார்த்திருந்தேன். மரையில் குறை இல்லை.

ஒடிந்த துண்டு உள்ளேயே தங்கிவிட்டது. இது எவ்வளவு பெரிய தலைவலி என்பது இந்த வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த நட்டு பாடியின் உள்பக்கம் வெல்டிங் செய்யப்பட்டது, பின்னாலிருந்து கை நுழையாது. ஒடிந்த போல்ட்டின் நட்டநடுவில் சிறிய துளை போட்டு, எதிர்மரை உள்ள கருவியை அதில் இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வெளியே எடுக்க வேண்டும். துளை சற்று விலகினாலும் வண்டியின் மரை போய்விடும். அந்த நட்டே பிடுங்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தால் தகட்டை வெட்டித்தான் சரிசெய்ய வேண்டும். நல்லவேளையாக அது வெளியே வந்துவிட்டது. "சாதாரண ஸ்பேனர் போதும்" என்ற உங்கள் விளம்பரத்தில் இதெல்லாம் இல்லை. அதற்குப்பின் உங்கள் போல்ட்டுகள் அத்தனையையும் கழற்றி ஒதுக்கிவிட்டு, 8.8 குறியீடுள்ள போல்ட்டுகளை என் செலவில் வாங்கிப் போட்டேன்.

குறிப்புத் தாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் ஒரு எண் கூட இல்லை. பிராக்கெட்டுகளை முதலில் முழுசாக இறுக்கிவிட்டு ஸ்டெப்பை மாட்டு என்கிறது. முறையே தலைகீழ். எல்லாவற்றையும் முதலில் கையால் மட்டும் ஏற்றி, ஸ்டெப்பை வைத்து, மட்டம் பார்த்த பிறகுதான் வரிசையாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் துளைகள் பொருந்தாமல் ஸ்டெப்பை வம்படியாக இழுத்து மாட்ட நேரும். பிராக்கெட்டில் அந்த இழுப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். கொஞ்ச தூரம் ஓட்டிய பின் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பதும் தாளில் இல்லை. நான் சரியான முறையில்தான் பொருத்தினேன், ஓட்டிய பிறகு மறுபடி சரிபார்க்கவும் செய்தேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஸ்டெப்பை வாங்கியதே என் அம்மாவுக்காக. அவருக்கு முழங்கால் தேய்மானம், பிக்கப்பின் உயரத்துக்குக் காலைத் தூக்கி வைக்க முடியாது. கதவோரக் கைப்பிடியைப் பிடித்து, ஸ்டெப்பில் ஒரு காலை வைத்து, ஒரு நொடி நின்றுதான் அடுத்த காலை எடுப்பார். அப்படி நின்றபோதுதான் முன்பக்கம் இறங்கியது. கைப்பிடியில் பிடி இருந்ததாலும் நான் பின்னாலேயே நின்றதாலும் தாங்கிப் பிடித்துவிட்டேன். அவர் 60 கிலோகூட இல்லை. உங்கள் பெட்டியில் அச்சடித்திருப்பது 136 கிலோ.

உடைந்தது நீங்கள் பிறகு அனுப்பிய அந்த மாற்று பிராக்கெட்தான். கழற்றி வெர்னியரில் அளந்தேன். முதலில் வந்தவை எல்லாம் 4 மி.மீ. தகடு, இது 3 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்தானே என்று யாராவது சொல்லலாம். தகடு வளையாமல் நிற்கும் விறைப்பு அதன் கனத்தின் முப்படியைப் பொறுத்தது. 4 என்பது 3 ஆனால் விறைப்பு பாதிக்கும் கீழே போய்விடும். அதைவிட மோசம் வெல்டிங். முட்டுக்கொடுக்கும் முக்கோணத் தகட்டை நீளம் முழுக்க வெல்டிங் செய்யாமல் இரண்டு முனைகளில் மட்டும் பொட்டு வைத்ததுபோல் ஒட்டியிருக்கிறார்கள். நடுவில் இருந்த இடைவெளியைக் கறுப்பு பவுடர் கோட்டிங் மூடிவிட்டதால் வெளியே தெரியவில்லை. நகத்தால் சுரண்டியதும் கோட்டிங் பட்டையாக உரிந்து வந்தது, அடியில் பளபளப்பான வெறும் தகடு. விரிசல் முனை வெல்டிங்கின் ஓரத்தில் தொடங்கி தகட்டுக்குள் போயிருக்கிறது. பாதி தூரத்துக்குப் பழைய துரு, மீதி புதிதாகக் கிழிந்த வெள்ளை. அதாவது ஒரே நாளில் உடைந்ததில்லை, முன்பே விரிசல் விழுந்து கோட்டிங்குக்கு அடியில் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. பெரிதாக்கி எடுத்த படத்தில் இது தெளிவாகத் தெரியும்.

பொருத்தியதில்தான் குறை என்றால் போல்ட் தளர்ந்திருக்க வேண்டும், அல்லது மரை போயிருக்க வேண்டும். போல்ட்டுகள் இம்மியும் அசையவில்லை. விட்டது தகடும் வெல்டிங்கும். அவை இரண்டும் உங்கள் தொழிற்சாலையில் நடந்த வேலை, என் கை அதில் படவே இல்லை.

136 கிலோ என்ற எண்ணைப் பற்றியும் எனக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். ஸ்டெப்பின் நடுவில் வைத்தா, முனையில் வைத்தா? அசையாத பாரமா, ஆள் ஏறி இறங்கும் பாரமா? கால் வைக்கும் இடம் பிராக்கெட் பொருந்தும் இடத்திலிருந்து சுமார் 20 செ.மீ. வெளியே இருக்கிறது. பிராக்கெட்டின் மேல் துளைக்கும் கீழ் துளைக்கும் இடைவெளி 6 செ.மீ. நெம்புகோல் கணக்கில் 80 கிலோ உள்ளவர் முனை பிராக்கெட்டுக்கு நேரே நின்றால் மேல் போல்ட்டில் 260 கிலோவுக்கும் கூடுதலான இழுப்பு வருகிறது. அதுவும் சும்மா நின்றால்தான். துள்ளி ஏறினால் இன்னும் கூடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் யாரும் பொட்டு வெல்டிங்கை அனுமதித்திருக்க மாட்டார். எந்தச் சோதனையின் அடிப்படையில் அந்த எண்ணை அச்சடித்தீர்கள்?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். குழாய் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்கிறீர்கள், ஆனால் வெல்டிங் ஓரங்களில் துருப் புள்ளிகள் வந்துவிட்டன. இதை வைத்து மட்டும் அது 304 இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெல்டிங் சூட்டில் நிறம் மாறிய இடத்தைச் சுத்தம் செய்யாமல் விட்டால் 304-உம் துரு பிடிக்கும். நிக்கல் குறைந்த, எளிதில் துருப்பிடிக்கும் 201 தரத்தை 304 என்று விற்பதும் உண்டு. உலோகச் சோதனைச் சான்று உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், இந்தச் சந்தேகம் அத்தோடு முடிந்துவிடும்.

எனக்கு வேண்டியவை இவை. முழுப் பணமும், நான் வாங்கிய போல்ட்டுகளின் செலவும் திரும்ப வர வேண்டும். இன்னொரு மாற்று பிராக்கெட் வேண்டாம், அதில் ஆளை ஏற்ற எனக்கு இனி மனம் வராது. "வீட்டில் பொருத்தியதால் வாரண்டி இல்லை" என்ற பதிலை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். அப்புறம், பணத்தைவிட முக்கியமாக, இதே பிராக்கெட் போன வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் தகவல் அனுப்புங்கள். தகட்டின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள், முட்டுத் தகட்டின் வெல்டிங் முழு நீளத்துக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தலைகீழாக மாட்டச் சொன்ன யோசனையை யாருக்கெல்லாம் சொன்னீர்களோ அவர்களை முதலில் கூப்பிட்டு, பிரேக் பைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. இவை சரியாகும்வரை அந்தப் பொருளை விற்பனைப் பக்கத்திலிருந்து எடுத்து வையுங்கள்.

15 நாட்களுக்குள் பொறுப்பான ஒருவரிடமிருந்து, பெயரும் பதவியும் போட்ட பதில் வர வேண்டும். வராவிட்டால் இதே படங்களோடும் அளவுகளோடும் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் கொடுப்பேன். உடைந்த பிராக்கெட், ஒடிந்த போல்ட், தவறான ஸ்டிக்கர் ஒட்டிய பிராக்கெட், குறிப்புத் தாள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பொறியாளர் நேரில் வந்து என் முன்னால் அளந்து பார்க்கலாம். எழுத்துப்பூர்வமான ரசீது இல்லாமல் எதையும் கொடுத்தனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்