பிடிஎஃப்பைச் சுருக்க வெளித்தளம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்ணப்பத்தோடு இணைக்கும் பிடிஎஃப் 2 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், நம்மிடம் இருப்பதோ 18 எம்பி. உடனே கூகுளில் தேடி, முதலில் கண்ணில் படும் தளத்தில் ஏற்றிச் சுருக்கி எடுத்துக்கொள்கிறோம். போன மாதம் என் அண்ணன் மகளும் இதைத்தான் செய்தாள், சான்றிதழ், கையெழுத்து, அடையாள அட்டை எல்லாம் இருந்த கோப்பு அது. அந்தத் தளத்தை யார் நடத்துகிறார்கள், கோப்பு அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்று கேட்டேன், அவளிடம் பதில் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சுருக்கும் வசதி நாம் எழுதுகிற மென்பொருளிலேயே இருக்கும்போது இது தேவையே இல்லை.

கோப்பு பருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் படம்தான், எழுத்து பிடிக்கும் இடம் மிகவும் குறைவு. செல்போனில் எடுக்கும் படம் 4000-க்கு 3000 புள்ளிகள் என்று வையுங்கள், மொத்தம் 1 கோடியே 20 லட்சம். அதை வேர்டில் ஒட்டி மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கினாலும் பல நேரம் உள்ளே அத்தனை புள்ளியும் அப்படியே கிடக்கும். ஓரத்தை வெட்டினால்கூட வெட்டிய பகுதி வேர்டு கோப்புக்குள் மறைந்துதான் இருக்கிறது, வாங்குகிறவர் நினைத்தால் திரும்ப எடுத்துப் பார்க்கலாம்! ஆனால் 6 அங்குல அகலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 150 புள்ளி போதும் என்றால், 900-க்கு 675 புள்ளிதான் வேண்டும். அதாவது இருபதில் ஒரு பங்கு.

முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேர்டில் படத்தைச் சொடுக்கினால் மேலே 'பிக்சர் ஃபார்மேட்' வரும், அதில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்'. 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற டிக்கை எடுத்துவிட்டு, வெட்டிய பகுதிகளை நீக்கச் சொல்லும் டிக்கை வைத்து, 150 பிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) தேர்ந்தெடுங்கள். அப்புறம் பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது 'மினிமம் சைஸ்' கொடுங்கள். வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச மென்பொருள் என்றால் இன்னும் சுலபம், பிடிஎஃப் ஏற்றுமதிச் சன்னலிலேயே படத்தின் டிபிஐ (இதுவும் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதுதான்), ஜேபெக் தரம் (படத்தை எவ்வளவு அழுத்திச் சுருக்குவது என்ற அளவு) இரண்டையும் குறைக்கலாம்.

இன்னொன்று. கணினியில் அடித்த கடிதத்தை அச்செடுத்து, அதையே ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து வேண்டாம். பக்கம் முழுக்கப் படமாகிக் கோப்பு பல மடங்கு பெருக்கிறது, அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அது வெற்றுப் படம்தான்.

2 எம்பி என்று வரம்பு வைக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதிவேற்றும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, கோப்பை எப்படிச் சுருக்குவது என்று இரண்டு வரி எழுதிவையுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்