பெயருக்குப் பட்டியல் வேண்டாம், மாற்றிக்கொள்ள வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு வாயில் நுழையாத பெயர்களையும் பொருளற்ற பெயர்களையும் சூட்டுவது பெருகிவிட்டதால், அரசே ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிட்டு, அதற்குள் இருந்துதான் பெயரிட வேண்டும் என்று சட்டம் இயற்ற வேண்டும் எனக் கேட்டு, அண்மையில் தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். டென்மார்க்கிலும் ஐஸ்லாந்திலும் இத்தகைய நடைமுறை இருப்பதை அவர் எடுத்துக்காட்டியிருந்தார். குழந்தைகள் மீதுள்ள அக்கறையால்தான் அவர் எழுதினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், எந்தப் பெயர் தகும், எந்தப் பெயர் தகாது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை ஒரு பதிவாளரிடம் கொடுப்பது வேறெந்த நாட்டுக்குப் பொருந்தினாலும் நம் மண்ணுக்குப் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து.

வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளிகளில் ஆசிரியையாகவும் பின்னர் தலைமையாசிரியையாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தால் இந்தப் பகுதியின் வரலாறே பெயர்களாக வரிசையில் நிற்பதைக் காணலாம். காசிமேட்டு மீனவர் வீடுகளிலிருந்து ராயப்பனும் சவரியம்மாளும் வருவார்கள். மண்ணடியிலிருந்து அரபுப் பெயர்கள் வரும். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பெயர்கள் வரும். பௌத்தத்தைத் தழுவிய அம்பேத்கரையும் அயோத்திதாசரையும் போற்றும் வீடுகளிலிருந்து கௌதமனும் சித்தார்த்தனும் ராகுலனும் வருவார்கள். 1918-இல் பி அண்ட் சி பஞ்சாலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான பகுதி இது என்பதால், லெனின், மார்க்ஸ், ககாரின், சிங்காரவேலன், ஜீவா ஆகிய பெயர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. கால்பந்தை உயிராக நேசிக்கும் வியாசர்பாடித் தந்தையர் சூட்டிய மாரடோனாவும் உண்டு. தலைமைச் செயலகத்தில் கூடி அமர்ந்து பட்டியல் தயாரிக்கும் ஒரு குழுவுக்கு இவற்றில் எத்தனை பெயர்கள் வழக்கமானவையாகத் தோன்றும்?

குப்பம்மாள் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று, பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, எமனின் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று குப்பன், குப்பம்மாள், பிச்சை என்று பெயரிட்டார்கள். ஒரு தாயின் அச்சமும் ஆசையும் சேர்ந்த பெயர் அது. பாட்டியின் நினைவாக அந்தப் பெயரைத் தாங்கிய பேத்திகள் எங்கள் வகுப்புகளில் இருந்திருக்கிறார்கள். குழந்தையின் கண்ணியத்தைக் காப்பதற்காக என்று சொல்லி இயற்றப்படும் எந்தச் சட்டமும் முதலில் அடித்துவிடப்போவது இந்தப் பெயரைத்தான். அதை வைத்த தாயின் மனத்தை அறிய ஒரு படிவத்தில் இடமிருக்காது.

பழமையான பெயர்களுக்கே இப்படி என்றால், புதிய பெயர்களின் கதி என்ன? இன்று நம் காதுக்கு மிக இயல்பாக ஒலிக்கும் நெடுஞ்செழியன், அன்பழகன் போன்றவை ஒரு காலத்தில் புதுமையானவை. திராவிட இயக்கத் தலைவர்களில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா அன்பழகன் ஆனதும் அரசு அனுமதித்த பட்டியலைப் பார்த்து அல்ல. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வளர்ந்த நாட்களில், அன்று புழக்கத்தில் இருந்த பெயர்களை மட்டும் தொகுத்து ஆங்கிலேய அரசு ஒரு பட்டியல் போட்டிருந்தால், தமிழ்ப் பெயர்களின் மறுமலர்ச்சி பதிவாளரின் மேசையோடு நின்றிருக்கும். 1953 மார்ச் முதல் வாரத்தில் சோவியத் தலைவர் ஸ்டாலின் மறைந்த செய்தி வந்தபோது, சில நாட்களுக்கு முன் பிறந்திருந்த தம் மகனுக்குக் கலைஞர் அந்தப் பெயரையே சூட்டினார். அந்தப் பெயரால் பள்ளியில் சேர்வதிலேயே இடையூறு ஏற்பட்டதை அந்த மகன் பின்னாளில் பொது மேடையில் சொல்லியிருக்கிறார். அவர் 2021-இல் இம்மாநிலத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். கட்சி விருப்பு வெறுப்புக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு பெயர் விசித்திரமாக ஒலிப்பதும் ஒலிக்காமல் போவதும் காலத்தைப் பொறுத்தது என்பதற்கு நம் வீட்டுக்கு அருகிலேயே உள்ள சான்று அது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெயரிடுவதற்கு விதி வகுப்பது நமக்குப் புதிதல்ல. பிராமணனின் பெயர் மங்கலத்தையும், சத்திரியனின் பெயர் வலிமையையும், வைசியனின் பெயர் செல்வத்தையும், சூத்திரனின் பெயர் இழிவையும் குறிக்க வேண்டும் என்று மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் விதித்தது. அந்த விதி ஏட்டோடு நிற்கவில்லை. ஊர்த்தெருவில் கந்தசாமியாக இருந்த பெயர் சேரியில் கந்தனாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் நடைமுறையாக இருந்ததை நம் முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். பிள்ளைக்கு மதிப்பான பெயர் வைத்தாலும் ஊரார் அதைச் சுருக்கியும் சிதைத்துமே அழைத்தார்கள். அப்படி அழைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நகரத்துக்கு வந்து, ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்து, தம் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைத் தயக்கமின்றிச் சூட்டினார்கள் என்றால், அது ஒரு தலைமுறை போராடிப் பெற்ற உரிமை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தபோதும் எந்தச் சட்டமும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. மக்கள் தாமாகவே பெயரின் வாலை வெட்டினார்கள். அந்த உரிமையை, தூய நோக்கத்தோடுதான் என்றாலும், மீண்டும் ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்க நான் உடன்பட மாட்டேன்.

வெளிநாடுகளின் அனுபவத்தையும் முழுமையாகப் பார்க்க வேண்டும். பிரான்சில் 1803-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்காட்டியிலுள்ள பெயர்களையும் பண்டைய வரலாற்று மாந்தரின் பெயர்களையும் மட்டுமே அனுமதித்தது. அந்நாட்டின் பிரிட்டனிப் பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பம் தம் பிள்ளைகளுக்குப் பிரெட்டன் மொழிப் பெயர்களைச் சூட்டியதால், அந்தப் பிள்ளைகள் சட்டத்தின் பார்வையில் இல்லாதவர்களாகவே ஆண்டுக்கணக்கில் வளர்ந்தார்கள். 1993-இல் பிரான்சே அந்த முறையைக் கைவிட்டது. இப்போது அங்கே பதிவாளர் பெயரைப் பதிவு செய்கிறார். பெயர் குழந்தைக்குத் தீங்கு தரும் என்று கருதினால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கிறார். நீதிபதி முடிவு செய்கிறார். ஒரு தின்பண்டத்தின் வணிகப் பெயரான நுட்டெல்லாவை மகளுக்கு வைக்க முயன்ற பெற்றோரைத் தடுத்தது இந்த வழிதான். ஐஸ்லாந்தில் 1991-இல் அமைக்கப்பட்ட பெயர்க்குழு, இலக்கணப்படி ஆண்பால் சொல் என்று காரணம் காட்டி ஒரு பெண் குழந்தையின் பெயரை மறுத்ததால், அந்தப் பிள்ளையின் அரசு ஆவணங்களில் பதினைந்து வயது வரை பெயருக்குப் பதிலாகச் ‘சிறுமி’ என்றே இருந்தது. 2013-இல் நீதிமன்றம்தான் அவளுக்கு அவளுடைய பெயரைத் தந்தது. பல்கேரியாவில் 1984-85-இல் துருக்கிய இனத்தவர் அனைவரும் தம் பெயரை விட்டு ஸ்லாவியப் பெயரை ஏற்குமாறு வற்புறுத்தப்பட்ட கொடுமையும் பெயர் மீது அரசு கொண்டாடிய உரிமையின் விளைவே.

பெயரால் குழந்தைகள் துன்புறுவதே இல்லை என்று நான் வாதிடவில்லை. நியூசிலாந்தில், ஹவாயிலிருந்து வந்து ஹூலா நடனம் ஆடுகிறாள் என்று பொருள்படும் ஒரு முழு வாக்கியத்தையே பெயராகச் சுமந்த ஒன்பது வயதுச் சிறுமி, அதைத் தோழிகளிடம் சொல்லக்கூட வெட்கப்பட்டு வாழ்ந்தாள். 2008-இல் அந்நாட்டுக் குடும்ப நீதிமன்றம் பெயரை மாற்றுவதற்காக அவளைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. நமக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டிய தேவையும் இல்லை. திருத்தணிக்கு அருகிலுள்ள சிற்றூர்களில், அடுத்ததாவது ஆண் பிள்ளையாகப் பிறக்கட்டும் என்ற நம்பிக்கையில் பெண் குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்று பெயரிடும் வழக்கம் இருந்ததைச் செய்தித்தாள்களே வெளிக்கொண்டு வந்தன. தென் மாவட்டங்களின் ‘போதும்பொண்ணு’ நம் எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் வருகைப் பதிவின்போது தினமும் அந்தப் பெயரைக் கேட்டு எழுந்து நிற்க வேண்டிய பிள்ளையின் நிலையை எண்ணினால் ஓர் ஆசிரியையாக என் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அந்தப் பெயர்கள் விசித்திரமானவை என்பதால் துன்பம் விளையவில்லை. பெண் பிள்ளை வேண்டாம் என்ற மனநிலையே அந்தத் துன்பத்தின் வேர். பட்டியலில் இல்லாததால் ‘வேண்டாம்’ என்ற பெயரை மறுத்து லட்சுமி என்று பதிவு செய்தாலும், வீட்டில் அவள் வேண்டாதவளாகத்தான் வளர்வாள்.

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் இதற்கு நல்லதொரு வழி காட்டினார்கள். அங்கே வேண்டாதவள் என்று பொருள்படும் ‘நகுசா’ என்ற பெயரைத் தாங்கியிருந்த 285 சிறுமிகளுக்கு 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் விழா எடுத்து, புதிய பெயர்களுக்கான சான்றிதழை வழங்கியது. தடை விதிப்பதைக் காட்டிலும், பெயரைச் சுமப்பவருக்கே மாற்றும் உரிமையைத் தருவது எத்தனை பண்பான செயல்! உச்ச நீதிமன்றமும் 2021-இல், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில், தன் பெயரைத் தீர்மானிப்பது ஒருவரின் அடிப்படை உரிமையின் பகுதி என்று கூறியிருக்கிறது.

நடைமுறையில் நம் பிள்ளைகளை அலைக்கழிப்பது எது என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ககாரின் என்ற மாணவன் பெயரால் எந்த இடையூறும் இன்றி வேலைக்குச் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கவிதா என்ற மிகச் சாதாரணமான பெயருள்ள மாணவி, பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதலாகவும் ஆதார் அட்டையில் குறைவாகவும் இருந்த ஒரே காரணத்துக்காகக் கல்வி உதவித்தொகை கிடைக்காமல் இ-சேவை மையத்துக்கும் மண்டல அலுவலகத்துக்கும் அலைந்ததையும் பார்த்திருக்கிறேன். எண் கணிதம் பார்த்து எழுத்துகளை இரட்டித்து எழுதுவோரின் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். தந்தை பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னாலும் இன்னோர் ஆவணத்தில் பின்னாலும், மூன்றாவதில் முழுப்பெயராகவும் இருப்பது நம் மாநிலத்துக்கே உரிய தனிச்சிக்கல். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பின், அந்நாளுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணமாகிவிட்டது. இனி அதில் விழும் ஒரு பிழை வாழ்நாள் முழுவதும் தொடரும்.

குழந்தைக்குப் பெயரிடும் முன்பே பிறப்பைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றும், ஓராண்டுக்குள் கட்டணமின்றியும் பின்னர் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம் என்றும் விதி இருக்கிறது. இது பல பெற்றோருக்குத் தெரியாததால், பிரசவ வார்டிலேயே யாரோ கேட்ட அவசரத்தில் ஒரு பெயரைச் சொல்லி, கேட்டவர் கேட்டபடி எழுதிவிட, பின்னர் வருந்துகிறார்கள். ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசு மகப்பேறு மருத்துவமனைகளில், தாய் வீடு திரும்பும் முன், இந்த விதியைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுத்தால் போதும். பெயரைக் கணினியில் ஏற்றிய பிறகு தமிழிலும் ஆங்கிலத்திலும் பெற்றோருக்குப் படித்துக் காட்டி ஒப்புதல் பெறுவதையும் கட்டாயமாக்க வேண்டும்.

அடுத்தது பள்ளி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கும்போது பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றை மாணவரிடமும் பெற்றோரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்குகிறோம். எழுத்துப்பிழை திருத்துவதற்கு மட்டுமே இன்று அந்த வாய்ப்பு பயன்படுகிறது. பெயரையே மாற்ற வேண்டுமென்றால் கட்டணம் கட்டி, சான்றொப்பம் பெற்று, அரசிதழில் வெளியிட்டு, பின்னர் ஒவ்வொரு ஆவணமாகத் திருத்திக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மீன் விற்கும் தாயின் மகளுக்கும் சுமை தூக்கும் தந்தையின் மகனுக்கும் அது எளிதில் எட்டும் காரியமல்ல. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் எந்த மாணவரும், பெற்றோரில் ஒருவரின் ஒப்புதலோடு, தலைமையாசிரியரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்து ஒருமுறை கட்டணமின்றித் தம் பெயரை மாற்றிக்கொள்ளவும், அந்த மாற்றம் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் தானாகவே பதிவாகவும் அரசு வழிசெய்ய வேண்டும். பெற்றோர் ஒப்புக்கொள்ள மறுக்கும் அரிய நேர்வுகளில், மாவட்டக் குழந்தைகள் நலக் குழு பிள்ளையை நேரில் கேட்டறிந்து முடிவெடுக்கலாம். இதற்கான அரசாணையை, அடுத்த பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் வேலை தொடங்கும் முன்பே பள்ளிக் கல்வித் துறை வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை.