மேட்டூர் அணையும் உன் பிசிக்ஸ் நோட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது. "பிளஸ் ஒன் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகலை சித்தி, பிசிக்ஸ் சார் போர்டுல டிஎக்ஸ் பை டிடின்னு எழுதுறாரு, எல்லாரும் தலையாட்டுறாங்க, எனக்கு மட்டும் ஒண்ணும் புரியலை" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. தலையாட்டியவர்களை நம்பாதே. நானும் அந்த வயதில் அப்படித்தான் தலையாட்டினேன்.

குறை உன்னிடம் இல்லை, பாடம் வருகிற வரிசையில் இருக்கிறது. இயற்பியலில் இயக்கவியல் இரண்டாவது பாடம். பள்ளி திறந்த கையோடு வந்துவிடும். அதற்கு வகைக்கெழு வேண்டும், அதாவது ஒன்று மாறுகிற வேகம்; சார் எழுதிய டிஎக்ஸ் பை டிடி அதுதான். கணக்குப் புத்தகத்திலோ எல்லையும் வகையிடலும் (வகைக்கெழு காண்பது) இரண்டாம் தொகுதியில், ஒன்பதாவது, பத்தாவது பாடங்களில்தான். கணக்கு சார் கணங்களையும் சார்புகளையும் நடத்திக்கொண்டிருக்கும்போதே பிசிக்ஸ் சார் வகையிட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். எங்கள் காலத்திலும் இதே கூத்துதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சூத்திரங்களை ஒரு அட்டையில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தேன். மார்க்கும் வந்தது. அப்புறம் இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் ஒரு கேள்வி: கூம்பு வடிவத் தொட்டியில் தண்ணீர் நிமிடத்துக்கு இவ்வளவு விழுகிறது, மட்டம் என்ன வேகத்தில் ஏறும்? என் அட்டையில் அதற்குச் சூத்திரம் இல்லை. எம்ஒன் என்ற அந்தக் கணக்குத் தாளில் அரியர். வீட்டில் ஒரு வாரம் சொல்லவில்லை.

வெட்கக்கேடு என்னவென்றால், அந்தக் கேள்விக்கான விடையை உன் தாத்தா தினமும் காலையில் காப்பி குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். பேப்பரைப் பிரித்ததும் அவர் பார்ப்பது மேட்டூர் நிலவரம்தானே. நீர்மட்டம் இத்தனை அடி, நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை. பாசனத்துக்கு அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்க நெருங்க அவர் முகம் அந்த எண்களோடு ஏறி இறங்கும். பாப்பா, அந்த நாலு எண்ணுக்குள் உன் பாடம் முழுக்க இருக்கிறது.

இருப்பு என்பது ஓர் அளவு. வரத்து என்பது அந்த அளவு மாறுகிற வேகம். வரத்தில் திறப்பைக் கழித்தால் கிடைப்பதுதான் இருப்பின் வகைக்கெழு (ஆவியாவதை இப்போதைக்கு விட்டுவிடு). இன்று காலை எட்டு மணிக்கும் நாளைக் காலை எட்டு மணிக்கும் உள்ள இருப்பின் வித்தியாசத்தை 24 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வரும். ஆனால் நடுராத்திரி திடீரென்று வெள்ளம் வந்திருந்தால் சராசரி அதை மறைத்துவிடும். அதனால் இடைவெளியைச் சுருக்கு. ஒரு மணி நேரம், ஒரு நிமிடம், ஒரு விநாடி. பூஜ்யம் மட்டும் ஆக்கிவிடாதே. பூஜ்ய நேரத்தில் வந்த தண்ணீரும் பூஜ்யம், இரண்டையும் வகுத்தால் ஒன்றும் தெரியாது. பூஜ்யத்தைத் தொடாமல் நெருங்க நெருங்க, விடை எந்த எண்ணை நோக்கி நகர்கிறதோ அதுதான் எல்லை.

எண்களிலேயே செய்து பார். 3இன் வர்க்கம் 9. 3.1இன் வர்க்கம் 9.61. வித்தியாசம் 0.61, அதை 0.1ஆல் வகுத்தால் 6.1. அடுத்து 3.01இன் வர்க்கம் 9.0601, வகுத்தால் 6.01. இன்னும் நெருங்கினால் 6.001. எங்கே போகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். எக்ஸ் ஸ்கொயரின் வகைக்கெழு டூ எக்ஸ் என்று புத்தகம் சொல்வது, எக்ஸ் 3ஆக இருக்கும்போது இந்த 6தான்.

பெருக்கல் விதி வரும்போது நீயும் ஒரு தப்பு செய்வாய். எல்லாரும் செய்வோம். இரண்டு சார்புகளைப் பெருக்கி வகையிடச் சொன்னால், தனித்தனியாக வகையிட்டுப் பெருக்கிவிடுவோம். எக்ஸையும் எக்ஸையும் வைத்துச் சோதித்துப் பார். தனித்தனியாக 1, 1. பெருக்கினால் 1. வர வேண்டியதோ டூ எக்ஸ்.

இப்போது தாத்தாவிடம் திரும்புவோம். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு மட்டம் 120 அடி. வகுத்தால் சராசரியாக ஓர் அடிக்குச் சுமார் 0.78 டி.எம்.சி. ஆனால் "கடைசி அடி லேசுல ஏறாது" என்று தாத்தா சொல்வாரே, கவனித்திருக்கிறாயா? அணை ஒரு தொட்டி மாதிரி நேர்ச்சுவராக இல்லை, மேலே போகப் போக விரிகிறது. நிரம்பும்போது நீர் பரவும் பரப்பு சுமார் 153 சதுர கிலோமீட்டர். அந்தப் பரப்பின் மேல் ஓர் அடித் தண்ணீர் நிறுத்தக் கிட்டத்தட்ட 1.65 டி.எம்.சி. வேண்டும், அதாவது சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மட்டத்தைப் பொறுத்து இருப்பை வகையிட்டால் கிடைப்பது நீரின் மேற்பரப்பு. அவ்வளவுதான் விஷயம்.

போகும் தண்ணீர் போக நிகர வரத்து விநாடிக்கு 20,000 கன அடி என்று வை. ஒரு நாளுக்கு 86,400 விநாடி, ஆக 1.728 டி.எம்.சி. அணை நிரம்பும் தறுவாயில் இது மட்டத்தை ஓர் அடி ஏற்றும். அணை வறண்டு கிடக்கும்போது வந்தால் அதே தண்ணீர் ஒரே நாளில் சில அடிகள் ஏற்றிவிடும். நேரத்தோடு இருப்பு மாறும் வேகம் ஒன்று, மட்டத்தோடு இருப்பு மாறும் வேகம் இன்னொன்று. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மட்டம் ஏறும் வேகம் வந்துவிடும். இதைத்தான் சங்கிலி விதி என்று புத்தகத்தில் பெட்டி கட்டிப் போட்டிருப்பார்கள். நான் கோட்டைவிட்ட கூம்புத் தொட்டியும் இதுதான்.

மாறும் வேகத்திலிருந்து அளவைத் திரும்பக் கண்டுபிடிக்கிற தொகையிடலுக்கு வரும்போது விடையின் கடைசியில் 'பிளஸ் சி' போடச் சொல்வார்கள். விட்டால் மார்க் போகும் என்பார்களே தவிர, அது என்னவென்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. மாதம் முழுக்க வரத்தும் திறப்பும் உனக்குத் தெரியும் என்று வை. கூட்டிக் கழித்தால் இருப்பு எவ்வளவு கூடியது என்று தெரியும். இப்போது எவ்வளவு இருக்கிறது என்று தெரியுமா? ஒன்றாம் தேதி எவ்வளவு இருந்தது என்று யாராவது சொன்னால்தானே! அந்த ஒன்றாம் தேதி இருப்புதான் சி.

அந்த நெட்டையான தொகையிடல் குறியைப் பார்த்துப் பயப்படாதே. கூட்டுத்தொகையைக் குறிக்க லைப்னிட்ஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர் 1675இல் எஸ் எழுத்தை இழுத்து எழுதினார், அவ்வளவுதான்.

தமிழ் மீடியம் என்பதால் பின்தங்கிவிடுவோமோ என்றும் கேட்டாய். இந்தக் கணக்குக்கு இங்கிலீஷ்தான் வேண்டும் என்றில்லை. நமக்குப் பக்கத்துக் கேரளத்தில் சங்கமகிராம மாதவர் 14ஆம் நூற்றாண்டிலேயே வட்டத்தின் பை மதிப்புக்கு முடிவிலாத் தொடர் (முடிவில்லாமல் நீளும் கூட்டல்) கண்டார். அவர் வழிவந்த ஜேஷ்டதேவர் 16ஆம் நூற்றாண்டில் அவற்றின் நிரூபணங்களை மலையாள உரைநடையில் எழுதிவைத்தார். அதற்கு அப்புறம்தான் நியூட்டனும் லைப்னிட்ஸும் பிறக்கிறார்கள். வகைக்கெழு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பழகு. காலேஜில் இங்கிலீஷ் பெயரை மாற்றிக்கொள்ள எனக்குப் பத்து நாள்தான் ஆனது. பொருள் புரியாமல் போனதுதான் ஒரு வருஷத்தைத் தின்றது.

உன்னை உண்மையில் பின்னுக்கு இழுக்கப்போவது வகையிடலும் தொகையிடலும் சேர்ந்த இந்த நுண்கணிதம் இல்லை, பத்தாம் வகுப்பில் அரைகுறையாக விட்ட பின்னங்களும் காரணிப்படுத்தலும். எல்லைக் கணக்கில் யோசனை ஒரு வரி, இயற்கணிதம் பத்து வரி. திரிகோணமிதி முற்றொருமைகள் தடுமாறினால் இப்போதே சொல், அதற்குத் தனியாக உட்காரலாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு வருகிறேன். ஒரு கிராஃப் நோட்டு வாங்கி வை. தாத்தா தினசரி மட்டத்தை மாதக் காலண்டரின் கட்டத்துக்குள் பென்சிலால் குறித்துவைப்பார், பழைய காலண்டர்களைப் பரணில் கட்டிப் போட்டிருக்கிறார். அதில் ஒரு நல்ல மழை வருஷத்து ஆகஸ்ட்டை எடுத்து வரைவோம். எந்த நாளில் கோடு செங்குத்தாக ஏறுகிறது என்று நீ கண்டுபிடி, அன்றைக்கு என்ன நடந்தது என்று தாத்தா சொல்வார்.

அன்புடன்,
உன் சித்தி