போஞ்சியை எறியாதே மகள்

திருகோணமலை
ஆவணி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறன். நாங்கள் சுகம். உங்கட சுகத்துக்குக் கோணேசரைக் கும்பிடுறன்.

போன ஞாயிறு கதைக்கேக்க, "போஞ்சி (பீன்ஸ்) ஒரேயடியாக் காய்ச்சுக் கொட்டுதம்மா, அயலுக்குக் குடுத்து மிஞ்சினதைக் குப்பையில போட்டன்" எண்டு சொன்னாய். அண்டு ராத்திரி எனக்கு நித்திரை வரேல்ல. வேலையும் பிள்ளையுமா நீ படுற பாடு தெரியும், அதால போனில ஒண்டும் சொல்லேல்ல. ஆனா தை மாதம் அதே போஞ்சியைத்தானே கடையில காசு குடுத்து வாங்கப்போறாய், அதுவும் எங்கேயோ பிடுங்கி வாடி வந்த காயை. மிஞ்சினதைப் பிறீசரில எப்பிடி வைக்கிறதெண்டு சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்க கச்சான் காத்து அடிச்சு முத்தமெல்லாம் புழுதி. கிணத்துத் தண்ணியும் கீழ போட்டுது. வெயில் மட்டும் நல்ல வெயில். மோர்மிளகாயும் பாவக்காய் வத்தலும் பாயில காயுது. ஐப்பசியில வாடை எழும்பினா வள்ளங்கள் கடலுக்குப் போறது குறைஞ்சிடும், மீன் நெருப்பு விலை. அதுக்கு முதல் அப்பா நிலாவெளிப் பக்கம் போய் நெத்தலிக் கருவாடு வாங்கி வந்திடுவார். எங்களுக்கு மாரி மூண்டு மாதம்தான். ரொறன்ரோவில உனக்குப் பனிக்காலம் கிட்டத்தட்ட அரை வருசம்.

2018இல பேரன் பிறந்த நேரம் நான் வந்து நிண்டனான் எல்லே. உன்ர போஞ்சியை அப்பிடியே பச்சையா வெட்டிப் பையில கட்டி பிறீசருக்குள்ள வச்சதும் நான்தான். ரெண்டு மூண்டு மாதத்தால எடுத்தா நிறம் செத்து, வைக்கல் மணம், வாயில சவுக்குச் சவுக்கெண்டு கிடந்தது. நீ ஒண்டும் சொல்லாமச் சாப்பிட்டாய். எனக்கு அது இண்டைக்கும் மனசில கிடக்கு. பக்கத்து வீட்டு இத்தாலிக்கார அம்மாதான் பிறகு அடுப்பில தண்ணி கொதிக்க வச்சு, காயை அதில போட்டெடுத்துக் கையால காட்டித் தந்தவ. அதைப் பாத்தவுடன எனக்குப் புழுக்கொடியல் ஞாபகம் வந்தது. பனங்கிழங்கை அவிச்சுத்தானே காயப்போடுறம்! பிடுங்கின பிறகும் காய்க்குள்ள நிறத்தையும் ருசியையும் கெடுக்கிற நொதியம் (என்சைம்) வேலை செய்துகொண்டுதான் இருக்கும். குளிர் அதை மெதுவாக்கும், நிப்பாட்டாது. கொதிதண்ணிதான் நிப்பாட்டும்.

கவனமாக் கேள். ஒரு இறாத்தல் (அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய) காய்க்கு நாலு லீற்றர் தண்ணி, தளதளவெண்டு கொதிக்க வேணும். காயைப் போட்டுத் திரும்பக் கொதி வந்ததில இருந்து 3 நிமிசம். உடன வடிச்சு, ஐஸ் போட்ட தண்ணியில இன்னொரு 3 நிமிசம். இதில சோம்பல்படாதே, இல்லாட்டி காய் உள்ளுக்குள்ளயே வெந்துகொண்டு போகும். பிறகு துணியில ஒற்றி ஈரமில்லாமத் தட்டில ஒற்றையாப் பரப்பி உறையவிடு. கல்லுப்போல ஆனதும் பையில போட்டுக் காத்தை நல்லா அமத்தி வெளியேற்று. காத்து நிண்டால் காய் வெள்ளை பத்திக் காய்ஞ்சுபோகும். ஒரே நாளில எல்லாத்தையும் திணிச்சா பிறீசர் தாங்காது. மெதுவா உறைஞ்சா உள்ள பெரிய பெரிய ஐஸ் கட்டி விழுந்து காயைக் கிழிச்சுப் போடும், சமைக்கேக்க தொளதொளத்திடும். குளிர் மைனஸ் 18இல நிக்க வேணும். பையில மாதத்தை எழுது. எட்டு மாதத்துக்குப் பயமில்லை.

தக்காளிக்கு இவ்வளவு பாடில்லை. கழுவி முழுசா வை. எடுத்துப் பைப் தண்ணியில பிடிச்சா தோல் தானா வழண்டு வரும். கறிமிளகாய், பச்சைமிளகாய் பச்சையாவே வைக்கலாம். கத்தரிக்காயைச் சுட்டு மசிச்சு வை, துண்டாப் போட்டா எனக்குத் திருப்தியில்லை. வெள்ளரிக்காயை வைக்கவே வைக்காதே.

2022இல இங்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கறண்ட் வெட்டினவங்கள். அறக்குளா மீன் அவ்வளவும் பழுதாப்போய் அப்பா குழி வெட்டித் தாட்டவர். அண்டையில இருந்து நான் வெயிலை மட்டும்தான் நம்புறன். உனக்கு அங்க அந்தக் கரைச்சல் குறைவு. எண்டாலும் 2013 மார்கழியில ரொறன்ரோவில உறைமழை பெய்து நாள்க்கணக்கில கறண்ட் இல்லாமக் கிடந்ததை மறந்திடாதே. நிறைஞ்ச பிறீசர் கதவு திறக்காட்டி ரெண்டு நாள் தாங்கும், பாதி நிறைஞ்சது ஒரு நாள்தான். அப்ப பேரனைத் திறந்து பாக்க விடாதே.

புரட்டாசியில மாமா அங்க வாறார். மோர்மிளகாயும் புழுக்கொடியலும் குடுத்துவிடுறன். பொங்கலுக்கு ஒரு பை போஞ்சியை இளகவிடாம நேராத் தாச்சியில போட்டுப் பால்கறி வை. வச்சிட்டு எனக்குப் போன் எடு, நறுக்கெண்டு கடிபடுதோ எண்டு நான் கேக்க வேணும்.

அன்புடன்
அம்மா